நோயாளியின் எதிரே எழும் கேள்வி
(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

மருத்துவ அறிவு நாளுக்கு நாள் பெருகி வருகின்றது. அதனை முழுவதும் மனத்தில் தேக்கி வைத்துக்கொள்ள எவராலும் இயலாது. ஆயினும், நோயாளி எதிரே அமர்ந்திருக்கும்போது மருத்துவருக்கு விடை அப்பொழுதே வேண்டும். நூலகம் சென்று வர நேரமில்லை. இதற்கு அறிஞர்கள் கண்ட வழிகளைச் சுருக்கமாகக் காண்போம்.

அயோவா ஆய்வு

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜான் ஈலி என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் 103 குடும்ப மருத்துவர்களை ஆராய்ந்து, 1999-இல் முடிவுகளை வெளியிட்டனர். நோயாளிகளைக் கவனிக்கையில் அம்மருத்துவர்களுக்கு எழுந்த கேள்விகள் 1101. 'இம்மருந்தின் அளவு என்ன?', 'இவ்வறிகுறிக்குக் காரணம் என்ன?' போன்றவை மிகுதி. 702 கேள்விகளுக்கு உடனே விடை தேடப்படவில்லை. தேடியவற்றுள் 80 விழுக்காட்டிற்கு விடை கிடைத்தது. ஒரு விடையைத் தேடச் செலவிட்ட நேரமோ சராசரியாக 2 நிமிடத்திற்கும் குறைவு! ஆய்விதழ்களை முறைப்படி தேடியது இரண்டே கேள்விகளுக்குத்தான். ஆகவே, விடை எங்கோ இருந்தால் போதாது, கைக்கெட்டும் தொலைவில் இருத்தல் வேண்டும் என்பது புலனாகின்றது.

ஒரு சூத்திரம்

ஸ்லாசன், ஷாக்னசி முதலியோர் 1994-இல் இதனை ஒரு சமன்பாடாகவே எழுதினர்:

பயன் = (பொருத்தம் × நம்பகம்) ÷ உழைப்பு

அறிவியல் மாணவர்களாகிய நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். தேடும் உழைப்பு குறையக் குறையப் பயன் கூடும். ஆனால் நம்பகம் சுழியானால் பயனும் சுழியே. கைப்பேசியில் நொடியில் கிடைக்கும் செய்தியெல்லாம் மருத்துவத்திற்கு உதவாததன் காரணம் இதுதான்.

வண்ண அட்டவணை

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1990-களில் உருவாக்கிய குழந்தை நோய் அட்டவணை இச்சூத்திரத்திற்கு நல்ல சான்று. இளஞ்சிவப்புக் கட்டம் என்றால் உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்புக. மஞ்சள் என்றால் அங்கேயே மருந்து. பச்சை என்றால் வீட்டுக் கவனிப்பு. இருமல் உள்ள குழந்தையின் மூச்சை ஒரு நிமிடம் முழுதும் எண்ண வேண்டும். 2 மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு 60-உம், 2 முதல் 12 மாதம் வரை 50-உம், அதன்பின் 5 வயது வரை 40-உம், அவற்றிற்கு மேலும் இருப்பின் அது வேக மூச்சு.

என் அக்காள் மகளுக்குப் பதினொரு மாதத்தில் இருமல் கண்டபோது, எங்கள் ஊர்ச் செவிலியர் எண்ணினார்: 54. அட்டவணையைப் பிரித்து மஞ்சள் கட்டத்தைக் காட்டி மருந்தளித்தார். குழந்தை தேறியது. பள்ளி வாசலை மிதித்திராத என் தாயாரோ, "நர்சம்மாவே பொஸ்தகத்தப் பாத்துத்தான் சொல்லுது" என்று ஐயுற்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். ஆதலால் விளக்கும் கடமை எனக்கு வந்தது. "54 என்பது ஒரு மாதக் குழந்தைக்கு வேக மூச்சாகாது அம்மா, நம் பாப்பாவுக்கு அதுவே நோய். மாற்றிச் சொல்லிவிடக் கூடாதென்றுதான் பார்க்கிறார்" என்றேன்.

முடிவுரை

அட்டவணையும் பழையதாகும், மருந்துகள் மாறும். எனவே அச்சிட்ட ஆண்டைப் பார்த்துப் புதியதை வைத்துக்கொள்வது இன்றியமையாதது. நம்மில் பலர் நாளை ஆய்வகங்களிலும் சுகாதார நிலையங்களிலும் பணியாற்றுவோம். பார்த்துச் சொல்வது அறியாமையன்று, பொறுப்பு என்பதை நம் வீட்டாருக்கும் ஊராருக்கும் இன்றே எடுத்துரைப்போமாக!