46 வயதில் 42 கிலோமீட்டர்... ஓடலாமா?

‘‘டாக்டர், ஜனவரியில மராத்தான் ஓடப் போறேன். ஃபிட்னஸ் சர்டிஃபிகேட் ஒண்ணு வேணும். ஒரு கையெழுத்துப் போட்டா போதும்!’’

அக்டோபர் மாதம், ஒரு சனிக்கிழமை மாலை. எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு வயது 46. வங்கி அதிகாரி. லேசான தொந்தி. கடைசியாக ஓடியது எப்போது என்று கேட்டேன். ‘‘காலேஜ்ல... நானூறு மீட்டர்ல கப் வாங்கியிருக்கேன் சார்’’ என்றார் பெருமையாக. ஆபீஸில் இளவட்டங்கள் நாலு பேர் பெயர் கொடுத்தார்களாம். இவரும் கொடுத்துவிட்டார். அதுவும் முழு மராத்தானுக்கு!

ரத்த அழுத்தம் பார்த்தேன். 150/96. ‘‘டிராஃபிக்ல மாட்டிக்கிட்டு டென்ஷனா வந்தேன், அதான்’’ என்றார். நெஞ்சு வலி உண்டா, மூச்சு வாங்குமா என்று வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். ‘‘சுத்தமா இல்லை’’ என்று தலையாட்டினார். வெளியே பத்துப் பேர் காத்திருந்தார்கள். நான் பேனாவை எடுத்தேன்.

அதுவரை பேசாமல் இருந்த அவர் மனைவி அப்போதுதான் வாய் திறந்தார். ‘‘ஏங்க, மாடி ஏறினா தாடை இழுத்துப் பிடிக்குதுன்னு சொன்னீங்களே... அதைச் சொல்லலையா?’’

‘‘நீ சும்மா இரு. அது சொத்தைப் பல்லு!’’

படி ஏறும்போது வந்து, உட்கார்ந்ததும் போய்விடுகிற வலியைப் பல் வலி என்று விட்டுவிட முடியாது. இதயம் அப்படியும் புகார் செய்யும். பேனாவை மூடிவைத்தேன். டிரெட்மில் பரிசோதனை, அதைத் தொடர்ந்து ஆஞ்சியோகிராம். முக்கிய ரத்தக் குழாய் ஒன்றில் பெரிய அடைப்பு. ஸ்டென்ட் வைக்க வேண்டியதாயிற்று.

அந்த அம்மாள் மட்டும் அன்று பேசாமல் இருந்திருந்தால்? நான் கையெழுத்துப் போட்டிருப்பேன். ‘தாடை, தோள், கை எங்கேயாவது வலிக்கிறதா?’ என்று நான் கேட்கவே இல்லையே! அந்த உறுத்தலில்தான் இதை எழுதுகிறேன்.

அப்படியானால் மராத்தான் ஆபத்தா?

பயந்துவிடாதீர்கள். அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மராத்தானும் அரை மராத்தானும் ஓடிய சுமார் 1 கோடியே 9 லட்சம் பேரைப் பற்றிய ஆய்வு ஒன்று 2012-ல் வெளியானது. அத்தனை பேரில் இதயம் நின்றுபோனது 59 பேருக்கு. அதாவது 1,84,000 பேருக்கு ஒருவர். மிகக் குறைவுதான். ஆனால், அந்த 59 பேரில் 51 பேர் ஆண்கள். சராசரி வயது 42. அரை மராத்தானை விட முழு மராத்தானில்தான் விகிதம் அதிகம். பெரும்பாலானவர்களுக்கு ஏற்கெனவே இதயத் தசை தடிப்போ, ரத்தக் குழாய் அடைப்போ இருந்திருக்கிறது.

புரிகிறதா? ஓட்டம் எமன் இல்லை. உள்ளே ஒளிந்திருப்பதைத் தெரிந்துகொள்ளாமல் ஓடுவதுதான் வம்பு.

எனவே 40 வயதைத் தாண்டியவர்கள் ஷூ வாங்குவதற்கு முன்னால் டாக்டரைப் பாருங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, ஈ.சி.ஜி. இவை அவசியம். டாக்டர் சொன்னால் டிரெட்மில், எக்கோ. அப்பா, அண்ணன், தம்பி யாருக்காவது சின்ன வயதில் மாரடைப்போ திடீர் மரணமோ நேர்ந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். இன்னொன்று: டிரெட்மில் ரிசல்ட் ‘நார்மல்’ என்று வந்தால், அது ஆயுசுக்கும் கேரண்டி கார்டு இல்லை. ஓடும்போது உடம்பு சொல்வதையும் கேட்க வேண்டும். முடிந்தால் மனைவியையோ கணவரையோ கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் மறப்பதை அவர்கள் சொல்வார்கள்!

என்ஜின் ரெடி... சேஸிஸ் ரெடியா?

‘மூணு மாசம் இருக்கே, போதாதா?’ என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. இதயமும் நுரையீரலும் சில வாரப் பயிற்சியிலேயே சுறுசுறுப்பாகிவிடும். ஆனால் எலும்பு, தசைநார், மூட்டைச் சுற்றியுள்ள திசுக்கள் உறுதிப்பட மாதக்கணக்கில் ஆகும். என்ஜின் சீறும், சேஸிஸ் தாங்காது. முழங்கால் வலி, குதிகால் வலி, கெண்டைக்கால் எலும்பில் விரிசல் எல்லாம் இப்படித்தான் வருகின்றன.

ஓட்டம் பழக்கமில்லாதவர் முழு மராத்தானுக்கு இரண்டு வருடம் ஒதுக்குங்கள் என்பது என் யோசனை.

முதல் 2 மாதம்: வேக நடை மட்டும். வாரம் 5 நாள், 30 முதல் 45 நிமிடம்.

அடுத்த 4 மாதம்: ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. மெல்ல மெல்ல ஓட்டத்தைக் கூட்டி, நடையைக் குறையுங்கள். வாரம் 3 நாள் போதும்.

முதல் வருட முடிவில்: 10 கிலோமீட்டர் போட்டி.

இரண்டாம் வருடம்: முதல் பாதியில் அரை மராத்தான், அதாவது 21 கிலோமீட்டர். அது சுகமாக முடிந்தால் மட்டும் முழுசைப் பற்றி யோசியுங்கள்.

வாரம் ஒரு நாள் நீண்ட ஓட்டம். அதைச் சிறுகச் சிறுகக் கூட்டி 30 கிலோமீட்டர் வரை கொண்டு வாருங்கள். போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது குறைக்க ஆரம்பித்துவிட வேண்டும். கடைசி வாரத்தில் ‘விட்டதைப் பிடிக்கிறேன்’ என்று ஓடுவது, பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி கண் விழிப்பது போலத்தான்.

வேகம்? பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். மூச்சு வாங்கி ஒற்றை வார்த்தையாக வந்தால், வேகம் அதிகம். வாரம் இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, படியில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்குவது போன்ற தசைப் பயிற்சிகளும் வேண்டும்.

நடந்தால் கேவலமா?

இல்லவே இல்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் காலோவேதான் ‘ஓட்டம்-நடை-ஓட்டம்’ முறையைப் பிரபலப்படுத்தினார். களைத்த பிறகு நடப்பதல்ல இது. களைப்பதற்கு முன்பே, ஆரம்பத்திலிருந்தே கணக்காக நடப்பது. நாலு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. நடுத்தர வயது முழங்கால்களுக்கு இது பெரிய வரம்.

30-வது கிலோமீட்டரில் ஒரு சுவர்

மராத்தான் ஓடுகிறவர்கள் ‘சுவரில் மோதிட்டேன்’ என்பார்கள். அது என்ன சுவர்? ஒரு எளிய கணக்கு. ஒரு கிலோ எடையை ஒரு கிலோமீட்டர் சுமந்து ஓட சுமார் ஒரு கலோரி செலவு. 70 கிலோ எடையுள்ளவர் 42 கிலோமீட்டர் ஓட ஏறக்குறைய 2,950 கலோரி. தசையிலும் கல்லீரலிலும் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்தோ சுமார் 2,000 கலோரி. மீதியைக் கொழுப்பு தரும். ஆனால் அது நிதானமாகத்தான் தரும். ஆரம்பத்தில் வேகமாகப் பாய்ந்தவர்களுக்கு 30 கிலோமீட்டர் வாக்கில் கஜானா காலி! கால் இரும்பாகக் கனக்கும். மனசு ‘போதும்டா சாமி’ என்று கெஞ்சும்.

தப்பிக்க வழி: ஆரம்பத்தில் அடக்கி வாசியுங்கள். முதல் நாள் வழக்கமான சாதம், இட்லி, உருளைக்கிழங்கு. புதுப் பலகாரம் எதுவும் வேண்டாம். போட்டிக்கு இரண்டு மணி நேரம் முன்னால் இரண்டு மூன்று இட்லி அல்லது வாழைப்பழம். ஓடும்போது அரை மணிக்கு ஒரு தரம் பேரீச்சம்பழமோ, கடலை மிட்டாய்த் துண்டோ. சர்க்கரை நோய்க்கு மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் இதையெல்லாம் டாக்டரோடு பேசித்தான் தீர்மானிக்க வேண்டும். ஓடும்போது சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும்.

தண்ணீரும் விஷமாகும்!

சென்னை வெக்கையில் ஜனவரி மாதத்தில்கூட வேர்வை ஆறாக ஓடும். அதற்காகக் கண்ட இடமெல்லாம் தண்ணீரைக் கவிழ்த்துக்கொள்ளாதீர்கள். 2002 பாஸ்டன் மராத்தானில் ஓடிய 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது, 13 சதவீதம் பேருக்கு உப்புச் சத்து அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. நிறையத் தண்ணீர் குடித்து எடை கூடியவர்களுக்கும், நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களுக்கும்தான் அந்த ஆபத்து அதிகம். நம்மைப் போன்ற நிதான ஓட்டக்காரர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

தாகம் எடுக்கும்போது குடியுங்கள். நடுநடுவே ஓ.ஆர்.எஸ். கரைசல். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஓடி முடித்தபின் எடை கூடியிருந்தால், குடித்தது அதிகம். வலி வராமல் இருக்க முன்கூட்டியே வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடும் வழக்கம் சிலருக்கு உண்டு. அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். வேண்டாம்.

உடனே நிற்க வேண்டிய நேரம்

நெஞ்சில் அழுத்தம்... தாடை, தோள், கைக்குப் பரவும் வலி... தலைசுற்றல், கண் இருட்டுவது... சம்பந்தமில்லாத பேச்சு, தள்ளாட்டம்... இவற்றில் ஒன்று வந்தாலும் நில்லுங்கள். ஒரு கிலோமீட்டர்தான் பாக்கி என்றாலும் சரி! உடம்பு கொதித்து உளறுபவரை நிழலில் படுக்கவைத்து, குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். மயங்கி விழுந்தவருக்கு மூச்சு இல்லையென்றால், ஆம்புலன்ஸ் வரும்வரை நடு நெஞ்சில் வேகமாக, ஆழமாக அழுத்திக்கொண்டே இருங்கள். 2012-ல் வெளியான அந்த ஆய்விலும், பக்கத்தில் இருந்தவர்கள் இப்படி அழுத்தியதால் பிழைத்தவர்கள் உண்டு. குடும்பத்தில் ஒருவராவது இதை முறையாகக் கற்றுக்கொள்வது நல்லது.

வங்கி அதிகாரி என்ன ஆனார்?

ஸ்டென்ட் வைத்த பிறகு, இதய நிபுணர் அனுமதியோடு நடக்க ஆரம்பித்தார். ‘‘வழியில எங்கயாவது விழுந்துட்டா?’’ என்ற பயத்தில் மனைவியும் கூடவே நடந்தார். அந்த அம்மாளுக்கு அப்போது 43 வயது. பள்ளிக்கூடத்துக்குப் பிறகு ஓடியதே இல்லை. கணவரின் நடை மெல்லோட்டமானது. இவருடையதும்தான். ஒரு வருடத்தில் இருவரும் 10 கிலோமீட்டர். ‘‘உங்களுக்கு இதுதான் எல்லை’’ என்று நிபுணர் கணவருக்குக் கோடு போட்டுவிட்டார். மனைவிக்குப் பரிசோதனைகள் எல்லாம் திருப்தி. அவர் மட்டும் மேலே போனார். அடுத்த வருடம் அரை மராத்தான். அதற்கடுத்த ஜனவரியில்...

விடிவதற்கு முன்னால் நேப்பியர் பாலத்தருகே ஆயிரக்கணக்கானோர். கணவர் தன் பத்து கிலோமீட்டரை முடித்துவிட்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் முடிவுக் கோட்டருகே துண்டும் ஃபிளாஸ்க்குமாகக் காத்திருந்தார். வெயில் ஏறிவிட்டது. 5 மணி 48 நிமிடம் கழித்து அந்த அம்மாள் வந்தார். ஓடியும், நடந்தும், அழுதும். 31-வது கிலோமீட்டரில் சுவர் வந்ததாம். ‘‘அடுத்த லைட் கம்பம் வரைக்கும், அதுக்கடுத்த கம்பம் வரைக்கும்னு எண்ணிக்கிட்டே வந்தேன் டாக்டர்!’’

இரண்டு நாள் கழித்து இருவரும் கிளினிக்குக்கு வந்தார்கள். படி இறங்கத்தான் அம்மாளுக்குச் சிரமம். கழுத்தில் கிடக்க வேண்டிய மெடல் கணவர் சட்டைப் பையில் இருந்தது.

‘‘இது அவளுக்குக் கிடைச்சது சார். எனக்குக் கிடைச்சது பெரிசு’’ என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

வாசகர்களே, ஓடுங்கள். 42-ஓ, 10-ஓ, தெருமுனை வரையோ... உங்கள் எல்லை எதுவென்று தெரிந்துகொண்டு ஓடுங்கள். ஆனால் முதலில், தாடை வலிக்கிறதா என்று டாக்டர் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்ல மறக்காதீர்கள்!