துணிக் கைப்பை தைத்தல்: அளவு, உறுதி, அலங்காரம்

மாணவர்களே, வெள்ளவத்தைச் சந்தையிலிருந்து மரக்கறியுடன் திரும்பும்போது கைப்பிடி கழன்று பை வீதியில் விழுந்தால், அதன் முகப்பிலுள்ள பூவேலையை எவரும் பாராட்டமாட்டார். பை முதலில் பாரம் தாங்க வேண்டும். அழகு அதற்குப் பின்னரே. ஆகவே இப்பாடத்தில் ஒவ்வொரு படியையும் "ஏன்?" என்ற வினாவோடு கற்போம். செய்முறையை மனனம் செய்தவர்கள் தடுமாறுவது காரணம் கேட்கும் வினாக்களிலேயாகும்.

1. துணிப் பையின் தேவை

2017 ஏப்ரல் 14 இல் கொழும்பை அண்டிய மீதொட்டமுல்லவில் குப்பைமேடு சரிந்து 30 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே ஆண்டு செப்டெம்பரில் உயர் அடர்த்தி பொலித்தீன் கொள்வனவுப் பைகள் இலங்கையில் தடை செய்யப்பட்டன. 2025 நவம்பர் 1 முதல் கடைகளில் பொலித்தீன் பைகளை இலவசமாக வழங்குவதும் நிறுத்தப்பட்டது. எனவே பலமுறை பயன்படுத்தக்கூடிய பை இன்று ஒவ்வொரு வீட்டிற்கும் தேவையாகும்.

சாதாரணத் துணிக்கும் வடிவமைப்பால் மதிப்பு உண்டாகும். பார்பரா சன்சோனி, நல்லாயன் சபை அருட்சகோதரிகளின் நெசவு நிலையங்களில் பணியாற்றிய பெண்களுக்காகக் கைத்தறித் துணிகளை வடிவமைத்தார். 1964 இல் தொடங்கிய அவரது 'பெயார்புட்' நிறுவனம், நிறங்களைத் துணிவுடன் இணைத்த துணிகளால் உலகப் புகழ் பெற்றது. அவர் 2022 இல் காலமானார்.

2. துணியைத் தெரிவுசெய்தல்

நெருக்கமாக நெய்த தடித்த பருத்தித் துணி அல்லது கைத்தறித் துணி பொருத்தமானது. புறக்கோட்டைக் கடைகளில் வாங்கும் வெட்டுத்துண்டுகளும், வீட்டிலுள்ள பழைய ஜீன்ஸும் ஏற்றவை. புதிய பருத்தித் துணியை வெட்டுவதற்கு முன் நனைத்து உலர்த்தி, ஸ்திரிக்கையிட வேண்டும். ஏனெனில் தைத்த பின் துணி சுருங்கினால் பையின் வடிவம் கெடும்.

3. அளவுக் கணக்கு

முகப்பு அகலம் 30 ச.மீ., உயரம் 35 ச.மீ., அடியின் ஆழம் 10 ச.மீ. கொண்ட பை ஒன்றைக் கருதுவோம்.

வெட்டும் அகலம் = 30 + 10 + (1.5 × 2) = 43 ச.மீ.
வெட்டும் உயரம் = 35 + 5 + 1.5 + 4 = 45.5 ச.மீ.

இங்கு 1.5 என்பது தையலுக்கு விடும் இடம். 5 என்பது அடி ஆழத்தின் பாதி. 4 என்பது மேல் மடிப்பு. இவ்வளவில் 2 துண்டுகள் வெட்டுக.

கைப்பிடிக்கு 64 ச.மீ. நீளமும் 10 ச.மீ. அகலமும் கொண்ட 2 பட்டிகள் தேவை. ஒவ்வொன்றையும் நான்காக மடித்துத் தைத்தால் 2.5 ச.மீ. அகலமான கைப்பிடி கிடைக்கும். பட்டியின் நீளம் துணியின் கரைக்குச் சமாந்தரமாக, அதாவது பாவு நூலின் திசையில் அமைய வேண்டும். அத்திசையில் துணி குறைவாகவே இழுபடும்.

115 ச.மீ. அகலமான துணியில் 2 துண்டுகளையும் 2 பட்டிகளையும் பக்கம் பக்கமாக வைத்தால் 43 + 43 + 10 + 10 = 106 ச.மீ. ஆகும். எனவே 70 ச.மீ. நீளத் துணி போதும். துண்டுகளுக்குக் கீழே மீதமாகும் துணியில் 18 × 20 ச.மீ. அளவான உட்பை ஒன்றையும் வெட்டலாம்.

4. அலங்காரம்

அலங்காரத்தைத் துண்டுகளை இணைப்பதற்கு முன்னரே செய்க. தட்டையான துணியில் வேலை செய்வது இலகு. பெயரின் முதலெழுத்தைச் சங்கிலித் தையலால் தைக்கலாம். பழைய சேலைக் கரையை வெட்டிப் பதித்துத் தைக்கலாம். பற்றிக் துண்டையும் பயன்படுத்தலாம்.

வெட்டிய துண்டு முழுவதும் முகப்பில் தெரியாது. இரு பக்கங்களிலும் கீழும் 6.5 ச.மீ. வீதமும், மேலே 4 ச.மீ. உம் விலக்கிக் கோடிடுக. எஞ்சும் 30 × 35 ச.மீ. பரப்பே முகப்பாகும். இதனை மறந்தால் பூவேலையின் ஒரு பகுதி அடிக்குள் மறைந்துவிடும்.

5. தைக்கும் ஒழுங்கு

(அ) பின்துண்டின் உட்புறத்தில் உட்பையைத் தைக்குக.
(ஆ) துண்டுகளின் நற்புறங்களை ஒன்றோடொன்று சேர்த்து, இரு பக்கங்களையும் அடியையும் தைக்குக. ஓரங்கள் பிரியாதவாறு வளைவுத் தையல் இடுக.
(இ) அடி மூலையில் பக்கத் தையலையும் அடித் தையலையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து முக்கோணமாக்குக. தையல் மூலையிலிருந்து 5 ச.மீ. தூரத்தில் குறுக்காகத் தைத்தால் 10 ச.மீ. ஆழம் உண்டாகும்.
(ஈ) மேல் விளிம்பை 1 ச.மீ. உம் பின்னர் 3 ச.மீ. உம் உட்புறமாக மடிக்குக. நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 7 ச.மீ. தள்ளி, கைப்பிடி முனைகளை மடிப்பினுள் 2 ச.மீ. செருகி, மடிப்பைச் சுற்றித் தைக்குக.
(உ) கைப்பிடியை மேல்நோக்கித் திருப்பி, மடிப்பின்மீது சதுரமாகத் தைத்து, அதற்குள் பெருக்கல் அடையாளம்போல் குறுக்குத் தையல் இடுக. இங்கு பல படைகள் சேர்வதால் 16 ஆம் இலக்க ஊசியைப் பயன்படுத்தி மெதுவாகத் தைக்கவும்.

6. மாதிரி வினா விடை

வினா 1: கைப்பிடியை ஒற்றைக் கோட்டுத் தையலால் மட்டும் இணைப்பது ஏன் பொருத்தமற்றது?
விடை: முழுப் பாரமும் அந்த ஒரு கோட்டிலுள்ள நூலில் தங்கும், நூல் அறும் அல்லது துணி கிழியும். சதுரமும் குறுக்கும் சேர்ந்த தையல் பாரத்தை ஒரு பரப்பில் பரப்புகிறது.

வினா 2: மேற்கூறிய பையில் முகப்பின் நடுப்புள்ளி, வெட்டிய துண்டின் மேல் விளிம்பிலிருந்து எவ்வளவு தூரத்தில் உள்ளது?
விடை: 4 + (35 ÷ 2) = 21.5 ச.மீ.

பயிற்சி: அடியின் ஆழம் 12 ச.மீ. ஆயின், வெட்டும் அகலம், உயரம் ஆகியவற்றைக் கணிக்குக. (விடை: 45 ச.மீ., 46.5 ச.மீ.)

நினைவிற் கொள்க: பை தைத்து முடிந்ததும், அதில் உங்கள் பாடப்புத்தகங்களை இட்டு ஒரு நாள் தூக்கிச் சென்று, மாலையில் கைப்பிடி இணைப்புகள் நான்கையும் பரிசோதியுங்கள். தையல் இழுபடாது இருப்பின் உங்கள் பை தேறிவிட்டது.