வில்லும் வண்டியும்

நம் நாட்டுச் சிற்றூர்களில் முற்காலத்தில் இருவகை மாட்டு வண்டிகள் ஓடின. ஒன்று கட்டை வண்டி. மற்றொன்று வில் வண்டி. கட்டை வண்டியின் உடல் அச்சின்மேல் நேரே அமர்ந்திருக்கும். ஆதலின், சக்கரம் கல்லில் ஏறி இறங்கினால், அவ்வதிர்ச்சி அப்படியே ஏறியிருப்போரைத் தாக்கும். வில் வண்டியிலோ, அச்சுக்கும் உடலுக்கும் இடையே வளைந்த எஃகுப் பட்டைகள் அடுக்காக அமைந்திருக்கும். அவை வில்லைப்போல வளைந்து நிமிர்ந்து, அதிர்ச்சியைத் தாமே ஏற்றுக்கொள்ளும்.

மாட்டு வண்டி மறைந்து மோட்டார் வண்டி வந்தபோதும் அந்த வில் மறையவில்லை. மேற்கு வங்காளத்தைச் சேர்ந்த உத்தரபாராவில் 1957 முதல் 2014 வரை உருவாக்கப்பட்ட அம்பாசிடர் காரை நீங்கள் அறிவீர்கள். அதன் பின் சக்கரங்களைத் தாங்குபவை, பக்கத்திற்கு ஓர் அடுக்காக அமைந்த வில் பட்டைகளே. அடுக்கின் தலையாய பட்டை நீளமானது. அதன் இரு முனைகளும் வளையமாகச் சுருட்டப்பட்டிருக்கும். அவ்வளையங்களில் பொருத்திய இரப்பர் புஷ்களின் வழியாகவே பட்டை வண்டியின் உடலோடு இணைகிறது. நடுவில், 'யு' வடிவப் போல்ட்டுகள் பட்டைகளை அச்சோடு இறுக்கிப் பிணைக்கின்றன. வளைந்த வில் துள்ளிக்கொண்டே இராதபடி அதை அடக்குவது அதிர்வு தாங்கி. அது துள்ளலின் ஆற்றலை வெப்பமாக மாற்றிவிடுகிறது.

இத்தகைய பழைய கார் ஒன்றை என் நண்பர் ஒருவர் நெய்வேலியில் வைத்திருக்கிறார். நெய்வேலி, பழுப்பு நிலக்கரியால் பிறந்த நகரம். 1957 ஆம் ஆண்டு அங்கே சுரங்க வேலை தொடங்கியது. 1961 இல் நிலக்கரிப் படுகை கண்ணுக்குப் புலனாயிற்று. அப்படுகையின் அடியில் நிலத்தடி நீர் பேரழுத்தத்தோடு நிற்கிறது. அதனை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தில் வேலை நடைபெறும். இறைப்பது நின்றால், நீர் அடித்தளத்தைப் பிளந்து மேலே பீறிடும். என் நண்பர் அந்த நீரிறைக்கும் பொறிகளைப் பேணும் பணியில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவர். பொறியின் சிறு ஓசை மாறினாலும் உடனே எழுந்து சென்று பார்த்தவர். ஆயினும், தம் வீட்டு வாசலில் நின்ற காரை அவர் அவ்வாறு பார்க்கவில்லை.

கார் இடப்பக்கம் சற்றே சாய்ந்து நின்றது. மேடுபள்ளங்களில் 'டக், டக்' என்னும் ஓசை எழுந்தது. "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று அவர் பல மாதம் ஒத்திப்போட்டார். அந்தக் காரில்தான் அவர் மாதந்தோறும் தம் முதிய தாயாரைப் புதுச்சேரியிலுள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று வந்தார்.

ஒரு நாள் நானும் அவரும் காரைப் பட்டறைக்குக் கொண்டு சென்றோம். பட்டறை மேஸ்திரி வண்டிக்கு அடியில் படுத்து, பட்டைகளின்மேல் படிந்த சேற்றைச் சுரண்டித் துடைத்தார். இரண்டாம் பட்டை முன்னமே முறிந்திருந்தது. தலைப் பட்டையின் நடுவில், தலைமயிர் போன்ற மெல்லிய கோடு ஒன்று துருவேறித் தெரிந்தது.

"இஃது இன்னும் எத்தனை நாள் தாங்கும், மேஸ்திரி?" என்று நண்பர் கேட்டார்.

"எனக்குத் தெரியாது, ஐயா. தெரிந்தால் அந்த நாள் வரை ஓட்டலாம். தெரியாததால்தான் இன்றே மாற்ற வேண்டும் என்கிறேன்" என்றார் அவர்.

தலைப் பட்டை முறிந்தால் அச்சு தன் இடத்தை விட்டு நகரும். விரைந்து செல்லும் வண்டி ஓட்டுபவரின் கைக்கு அடங்காது போகும். இதைக் கேட்டதும் நண்பரின் முகம் மாறியது. அவர் தம் தாயாரை நினைத்துக்கொண்டார் போலும்!

உறுதியான எஃகு ஏன் முறிகிறது? அளவோடு வளைக்கப்படும் வில், விசை நீங்கியதும் தன் பழைய நிலையை அடையும். வில்லின் நீட்சி விசைக்கு ஏற்றதாகும் என்பதை 1678 இல் இராபர்ட் ஊக் என்னும் ஆங்கில அறிஞர் வெளியிட்டார். ஆயினும், பழைய நிலையை அடைவதாகத் தோன்றும் வில்லினுள்ளும் சிறு காயம் வளரக்கூடும். மயிலிறகே ஆயினும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்பது வள்ளுவர் கருத்து. பத்தொன்பதாம் நூற்றாண்டில், இரயில் வண்டிகளின் அச்சுகளை ஆராய்ந்த செருமானியப் பொறியாளர் வோலர் வேறோர் உண்மையைக் கண்டார். ஒருமுறை ஏற்றினால் எளிதில் தாங்கும் சுமையே, பன்முறை மாறி மாறித் தாக்கும்போது உலோகத்தை முறித்துவிடும். இதனை 'உலோகச் சோர்வு' என்பர். துருப்பிடித்த குழியில் தோன்றும் சிறு வெடிப்பு ஒவ்வோர் அசைவிலும் சிறிது சிறிதாக வளர்ந்து, ஒரு நாள் முழுவதும் பிளந்துவிடும்.

மேஸ்திரி வேலையைத் தொடங்கினார். முதலில் முன் சக்கரங்களுக்கு முட்டுக் கட்டை கொடுத்தார். காரின் பின்புறத்தை ஜாக்கியால் உயர்த்தி, உடலின் உறுதியான பகுதியைத் தாங்கிகளின்மேல் நிறுத்தினார். "ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு அன்று. அதை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது" என்று தம் மாணாக்கனுக்கு அறிவுறுத்தினார். பின்பு அச்சை வேறொரு ஜாக்கியால் ஏந்திக்கொண்டு, போல்ட்டுகளைக் கழற்றிப் பட்டையடுக்கை வெளியே எடுத்தார்.

"இடப்பக்கம் மட்டும் மாற்றினால் போதாதா?" என்று நண்பர் வினவினார்.

"இரண்டும் ஒரே நாளில் பூட்டியவை, ஒரே சாலையில் உழைத்தவை. ஒன்று தளர்ந்தால் மற்றதும் தளர்ந்தே இருக்கும். புதியதும் பழையதும் சேர்ந்தால் வண்டி மீண்டும் சாயும், ஐயா" என்றார் மேஸ்திரி.

இருபுறமும் புதிய அடுக்குகளும், புதிய இரப்பர் புஷ்களும், புதிய 'யு' போல்ட்டுகளும் பொருத்தப்பட்டன. எண்ணெய் பட்டால் இரப்பர் ஊதிக் கெடும். ஆதலின் புஷ்களைச் சோப்பு நீர் தடவி நுழைத்தார். புஷ்களைப் பிடிக்கும் போல்ட்டுகளை அவர் உடனே முழுவதும் இறுக்கவில்லை. சக்கரங்களைப் பூட்டிக் காரைத் தரையில் இறக்கி, அதன் முழு எடையும் பட்டைகளில் அமர்ந்த பின்னரே இறுக்கினார். தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி இறங்கியதும் இரப்பர் முறுக்கிக்கொண்டு விரைவில் கிழிந்துபோகும். இறுதியில், சில நாள் ஓட்டியபின் 'யு' போல்ட்டுகளை மறுபடியும் இறுக்கிச் செல்லுமாறு கூறினார்.

வீடு திரும்பும்போது ஓசை இல்லை, சாய்வும் இல்லை. நண்பர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "சுரங்கத்தில் ஒரு பொறி இப்படிச் சத்தமிட்டிருந்தால், நான் ஒரு மணி நேரமும் பொறுத்திருக்கமாட்டேன்" என்றார். கழற்றிய பட்டையை அவர் குப்பையில் எறியவில்லை. வீட்டுத் திண்ணையில், காரை எடுக்கும்போதெல்லாம் கண்ணில் படும்படி வைத்திருக்கிறார்.

பொறிகள் பெரும்பாலும் முன்னறிவிப்பின்றிக் கெடுவதில்லை. சாய்ந்தும், ஓசையிட்டும், தேய்ந்தும் அவை தம் நிலையை உணர்த்துகின்றன. அவ்வுணர்த்தலைப் பழகிப்போன ஒன்றாக எண்ணிப் புறக்கணிப்பதே நம் பிழை. காலத்தே செவி கொடுப்பவன் பொருளை மட்டுமன்றி, அதனை நம்பி ஏறியவர்களின் உயிரையும் காக்கிறான்.