எழுத்து செல்லும் திசை

உலகில் எழுத்துகள் எல்லாம் ஒரே திசையில் செல்வன அல்ல. தமிழும் ஆங்கிலமும் இடமிருந்து வலமாகச் செல்கின்றன. அரபியும் எபிரேயமும் வலமிருந்து இடமாக. இவ்விரு வகையும் ஒரே இணையப் பக்கத்தில் கலந்து வந்தால் என்ன ஆகும்? இதை நான் அறிந்தது என் பாட்டியாரால்.

தமிழை அரபி எழுத்தில் எழுதும் முறைக்கு அரபுத்தமிழ் என்று பெயர். கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற ஊர்களில் வழங்கியது. பாட்டியாரின் கைவைத்தியக் குறிப்பேடு அவ்வெழுத்தில் உள்ளது. அதை இணையப் பக்கமாக்க முனைந்தேன். ‘சுக்கை இடி’ என்பதை அரபுத்தமிழில் தட்டி, அடுத்துத் தமிழ் எழுத்தில் ‘சுக்கு’ என விளக்கம் சேர்த்து, ‘பின் நீரில் காய்ச்சு’ என மீண்டும் அரபுத்தமிழில் முடித்தேன். வரியை வலப்பக்கம் ஒதுக்கியும் வைத்தேன். பாட்டியார் வலமிருந்து படித்துவிட்டு, “காய்ச்சின பிறகா இடிக்கிறது, வாப்பா?” என்றார்.

காரணம் இதுதான். கணினி எழுத்துகளைப் படிக்கும் வரிசையிலேயே சேமிக்கிறது. திரையில் அடுக்கும்போதே திசையைப் பார்க்கிறது. ஒவ்வோர் எழுத்துக்கும் தனக்குரிய திசை உண்டு. ஆனால் துண்டுகளுள் எது முன், எது பின் என்பதைப் பத்தியின் அடிப்படைத் திசையே முடிவு செய்யும். நாம் ஒன்றும் குறிக்காவிடில் அது இடமிருந்து வலம். ஆகவே என் முதல் துண்டு இடக்கோடியில் போய் நின்றது. வலப்பக்கம் ஒதுக்குவது வரியின் இடத்தை மாற்றுமேயன்றித் திசையை மாற்றாது.

இதற்கு மருந்து, 1997-இல் வந்த எச்.டி.எம்.எல். 4.0-இலேயே உள்ள ‘டிஐஆர்’ என்னும் பண்பாகும். அதற்கு ‘ஆர்டிஎல்’ என்று மதிப்புக் கொடுத்தால் வலமிருந்து இடம். ‘எல்டிஆர்’ என்றால் இடமிருந்து வலம். ‘ஆட்டோ’ என்றால், திசையுள்ள முதல் எழுத்தைக் கண்டு உலாவியே முடிவு செய்யும். பக்கம் முழுமைக்கும் இதைக் கொடுக்கலாம். ஒரு பத்திக்கு மட்டும் கொடுக்கலாம். சி.எஸ்.எஸ். வழியாகவும் திசையைக் குறிக்க இயலும். ஆயினும் திசை ஒப்பனையன்று, பொருளோடு சேர்ந்தது. ஒப்பனைக் கோப்பு வந்து சேராவிடினும் வாசகம் பிறழக் கூடாதன்றோ? எனவே எச்.டி.எம்.எல்.-இல் குறிப்பதே முறை.

‘ஆர்டிஎல்’ எனச் சேர்த்தேன். சுக்கு இடிபட்டது, பிறகே நீர் காய்ந்தது. பாட்டியார் பக்கம் முழுவதையும் தடங்கலின்றிப் படித்து முடித்தார்.

கல்லூரியில் சேர்ந்தபோது, எங்கள் குடும்பத்தில் படித்தவர் எவருமில்லை என்று படிவத்தில் எழுதியவன் நான். பட்டம் பெறப்போகும் முதல் ஆள் நானே என்பது உண்மை. ஆனால் எழுத்தறிந்த முதல் ஆள் நானல்லன். திசை தெரியாதிருந்தவன் நானே.