மரத்தையும் குருவியையும் பெயர் சொல்லி அறிவோம்



லயத்துக்குப் பின்னால் நிற்கிற மரம் எது, அதில் வந்து உட்காருகிற குருவி எது என்று பிள்ளைகள் கேட்டால், "ஏதோ மரம், ஏதோ குருவி"ன்னு சொல்லிவிடுகிறோம். அப்படி விடக்கூடாது. மரத்தைச் சரியாகத் தெரிந்து வைத்தால் ஒரு பிள்ளையின் உயிரையே காப்பாற்றலாம்.

நயினாதீவு நாகபூசணி அம்மனைக் கும்பிடப் போகிற குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அந்தத் தீவுப் பக்கத்தை வைத்தே இந்தப் பாடத்தைப் படிப்போம். பிறகு நம்ம வீட்டுப் பின்பக்கம் பழகலாம்.

மரத்தில் பார்க்க வேண்டியவை: இலை, பட்டை, பால், பூ, காய்.

1. பனை: வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் துறைக்குப் போகும்போது வழியெல்லாம் காணலாம். ஓலை விசிறி மாதிரி விரியும். நம்ம பக்கத்துக் கித்துள் இலையோ மீன் வால் மாதிரி இருக்கும். பனையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. நுங்கு தருவது பெண் பனைதான்.

2. பெருக்க மரம்: நெடுந்தீவில் நிற்கிறது. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இனம். அடிமரம் மிகவும் பருத்து, உள்ளே ஆள் நுழையும் அளவுக்குப் பொந்து இருக்கும். இலை கைவிரல் போலப் பிரிந்திருக்கும்.

3. தில்லை: உப்புநீர் ஏறும் கடலோரத்தில் வளரும். உதிருமுன் இலை சிவக்கும். ஒடித்தால் வெள்ளைப் பால் வரும். அது கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. உடனே நல்ல தண்ணீரில் நெடுநேரம் கழுவி, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

4. மஞ்சள் அலரி: இலை ஒடுங்கி நீண்டது. பூ மஞ்சள் புனல் மாதிரி. காய் பச்சையாக உருண்டிருக்கும். பூவுக்காக வீட்டிலும் கோயிலிலும் வளர்க்கிறோம். ஆனால் மரம் முழுக்க விஷம், விதை மிகக் கொடிய விஷம். பிள்ளை வாயில் வைத்தது தெரிந்தால், நல்லாத்தானே இருக்கிறான்னு காத்திருக்காதீர்கள். கைவைத்தியமும் வேண்டாம். மீதிக் காயையும் ஓர் இலையையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். எதைத் தின்றது என்று டாக்டருக்குத் தெரிய அது உதவும்.

பறவையில் பார்க்க வேண்டியவை: அளவு, அலகு, வால், குரல், நடத்தை.

காகம்: கழுத்து சாம்பல் நிறமானால் ஊர்க்காகம். முழுக்கக் கறுப்பானால் அண்டங்காகம்.

செண்பகம்: காகம் மாதிரித் தெரியும். ஆனால் செட்டை செங்கல் நிறம், வால் நீளம், குரல் "கூப் கூப்".

பனை உழவாரன்: காய்ந்து தொங்கும் பனையோலையில் எச்சிலால் ஒட்டிக் கூடு கட்டும்.

ஆறுமணிக்குருவி: குளிர்காலத்துக்கு இந்தியாவிலிருந்து கடல் தாண்டி வருகிறது. கட்டை வால், பச்சை முதுகு. தரையில் சருகைக் கிளறிப் புழு தேடும். காலையும் மாலையும் குரல் கொடுக்கும். நம்ம மலைப்பக்கத்துப் புதர்களிலும் பார்க்கலாம்.

பயிற்சி: வருகிற ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு வீட்டைச் சுற்றி வாருங்கள். ஐந்து மரம், ஐந்து பறவை பார்த்து, மேலே சொன்ன அடையாளங்களைக் கொப்பியில் எழுதுங்கள். பால் வரும் மரம் இருந்தால் முதலில் அதன் பெயரை மூத்தவர்களிடம் கேட்டறியுங்கள். தெரியாத காயை வாயில் வைக்கக்கூடாது என்பதைப் பிள்ளைகள் மனதில் பதிய வையுங்கள்.