கடிதம் வந்த பிறகு எங்கே போவது?
உம்பாய் வட்டாரத் தோட்ட மக்களும் ஊராட்சியின் வீட்டுக் கடமையும்

முன்னுரை

உம்பாய் என்றதும் வெளியூர் நண்பர்களுக்கு நினைவுக்கு வருவது சுட்ட மீன்தான். வார இறுதியில் கோலாலம்பூரிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் காரில் வந்து, கடலோரக் கடைகளில் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். கடலுக்கு முதுகைக் காட்டி ஜாசின் பக்கம் உள்ளே போனால் பால்மரமும் செம்பனையும் வளர்ந்த மண் இருக்கிறது. அந்த மண்ணில் மூன்று நான்கு தலைமுறையாக உழைத்த நம்மவர்களின் லயங்களும் கோயில்களும் இருந்தன. சில இன்னும் இருக்கின்றன. பல இல்லை. நான் அந்த லயம் ஒன்றில் பிறந்தவன்.

வீடில்லாதவர் என்றால் புடு ராயாவின் ஐந்தடிப் பாதையில் அட்டை விரித்துப் படுப்பவர் என்றே நாம் எண்ணுகிறோம். தோட்டத்து மனிதன் வீடிழக்கும் விதம் வேறு. அது தெருவில் தெரிவதில்லை. அதனால் எந்த இலாகாவின் கணக்கிலும் அது ஏறுவதில்லை. இதை விளக்குவதும், நம் ஊராட்சி மன்றம் என்ன செய்கிறது, என்ன செய்ய முடியும் என்று ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு கடிதம்

2016-ஆம் ஆண்டு. நான் ஆறாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்தேன். தாத்தா ஓய்வு பெற்ற சில மாதங்களில் தோட்ட அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. மலாய்மொழிக் கடிதம். தாத்தாவுக்கு வாசிக்கத் தெரியாது. “நீ படிச்சவன்தானே, என்னா போட்டிருக்குன்னு சொல்லுய்யா” என்று என்னிடம் நீட்டினார். ‘கொசோங்கான்’ என்ற சொல் மட்டும் இன்னும் மனத்தில் இருக்கிறது. காலி செய்யவேண்டும் என்று பொருள். அதை வாய்விட்டுச் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. “வீட்டைப் பத்தி ஏதோ எழுதியிருக்கு தாத்தா” என்று மட்டும் சொன்னேன்.

தாத்தா தெருவுக்குப் போகவில்லை. அத்தையின் இரண்டறை அடுக்குமாடி வீட்டுக்குப் போனார். ஏற்கெனவே ஆறு பேர் இருந்த வீட்டில் ஏழாவது ஆளாக முன்கூடத்தில் பாய் விரித்துப் படுத்தார். அத்தை முகம் கோணவில்லை. ஆனால், காலை ஐந்து மணிக்கு மற்றவர்கள் எழும் முன்னே பாயைச் சுருட்டி வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போய் உட்கார்ந்துகொள்வார். அரசாங்கக் கணக்கில் அவர் வீடில்லாதவர் அல்லர். அவருடைய கணக்கில் அவருக்கு வீடு இல்லை.

வேலையோடு கட்டப்பட்ட கூரை

லயத்து வீடு தொழிலாளியின் சொத்தன்று, வாடகை வீடுமன்று. வேலை இருக்கும்வரை தங்கலாம் என்ற அனுமதியே அது. வேலை போனால், ஓய்வு பெற்றால், தோட்டம் கைமாறினால், கூரையும் போய்விடும். வீட்டின் தரத்தைக் கவனிக்கச் சட்டம் உண்டு. 1966-இல் ஒன்றும் அதற்குப் பதிலாக 1990-இல் 446-ஆம் சட்டமும் வந்தன. 2019-இல் திருத்தப்பட்ட இச்சட்டம், 2020 ஜூன் முதல் தோட்டத்துக்கு வெளியே உள்ள தொழிலாளர் தங்குமிடங்களையும் உள்ளடக்குகிறது. ஆனால், குழாய்த் தண்ணீர், மின்சாரம், கழிவறை பற்றிப் பேசும் இச்சட்டம், ஓய்வு பெற்ற பிறகு அந்த மனிதன் எங்கே போவான் என்பதற்கு விடை சொல்வதில்லை. இதை அமல்படுத்துவதும் தொழிலாளர் இலாகாவே, ஊராட்சி மன்றமன்று.

இந்த ஆபத்தை முன்னோர் உணராமல் இல்லை. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரர் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்தனர். அதற்கு மருந்தாகவே 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு சேர்த்துத் தோட்டத்தையே வாங்குவது என்பது அவர் கண்ட வழி. சொந்த நிலம் இருந்தால்தான் வீடு நிலைக்கும் என்ற உண்மை அதில் இருந்தது.

ஊராட்சி மன்றம் எங்கே நிற்கிறது?

நம் கூட்டரசு அரசியலமைப்பில் நிலமும் ஊராட்சியும் மாநிலத்தின் அதிகாரம். வீடமைப்பு மத்திய அரசுக்கும் மாநிலத்துக்கும் பொதுவானது. உம்பாய் ஜாசின் மாவட்டத்தைச் சேர்ந்தது. இங்குள்ள ஊராட்சி அமைப்பு ஜாசின் நகராண்மைக் கழகம். 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டப்படி 8 முதல் 24 உறுப்பினர் வரை இருக்கலாம். அவர்களை மாநில அரசு நியமிக்கிறது. ஊராட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்திவைக்கப்பட்டது. பிறகு நடக்கவே இல்லை. எனவே, லயத்து மக்கள் தங்கள் குறையைச் சொல்லி வாக்கால் கணக்குத் தீர்க்கக்கூடிய நகராண்மைக் கழக உறுப்பினர் என்று ஒருவரும் இல்லை.

தோட்டம் தனியார் நிலம். குப்பை அள்ளுவது, சாலை போடுவது, விளக்கு வைப்பது எல்லாம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு என்று வழிவழியாகக் கருதப்பட்டது. ஊராட்சியின் கை தோட்டத்து வாசல்வரைதான் நீண்டது. வாசலுக்கு உள்ளே இருந்தவரை தோட்டத்தின் ஆள். வெளியே வந்த அன்று யாருடைய ஆளும் அல்லர். சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

மூன்று கூரைகள்

வீடிழந்தவருக்கு மூன்று கூரைகள் தேவை. இன்றிரவு படுக்க ஒன்று, சில மாதம் தாக்குப்பிடிக்க ஒன்று, நிலையாக வாழ ஒன்று. இம்மூன்றும் நம் நாட்டில் எப்படி இருக்கின்றன என்று பார்ப்போம்.

முதல் கூரையை வெள்ளக் காலத்தில் நம் அதிகாரிகள் நன்றாகவே தருகிறார்கள். 2006 டிசம்பர், 2007 ஜனவரி வெள்ளத்திலும், 2022 ஜனவரி வெள்ளத்திலும் மலாக்கா மக்கள் பலர் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. தேசியப் பாதுகாப்பு மன்றத்தின் 20-ஆம் உத்தரவு 1997-ஆம் ஆண்டு முதல் பல ஆண்டுகள் இதற்கு வழிகாட்டியது. மாவட்ட அதிகாரி தலைமையில் குழு கூடுகிறது. பள்ளிகளும் மண்டபங்களும் நிவாரண மையங்களாகின்றன. சமூக நல இலாகா பாயும் போர்வையும் உணவும் தருகிறது. 2021, 2022 வெள்ளத்தின்போது குடும்பத்துக்கு 1,000 ரிங்கிட் உதவித்தொகையும் கிடைத்தது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. தண்ணீர் வந்து வீட்டை எடுத்தால் சில மணி நேரத்தில் மண்டபம் திறக்கிறது. கடிதம் வந்து வீட்டை எடுத்தால் எந்த மண்டபமும் திறப்பதில்லை. இரண்டு குடும்பங்களுக்கும் அன்றிரவு ஒரே நிலைதான். முதல் குடும்பத்துக்குத் தண்ணீர் வடிந்ததும் திரும்பிப் போக வீடு இருக்கும். இரண்டாவதற்கு அதுவும் இல்லை. ஆனால், சட்டத்தின் கண்ணில் வெள்ளம் பேரிடர். கடிதம் பேரிடர் அன்று.

இரண்டாம் கூரைக்கு வருவோம். தெருவில் படுப்போரைக் கையாளும் பழைய கருவி 1977-ஆம் ஆண்டு ஆதரவற்றோர் சட்டம். பிச்சை எடுத்துத் தொல்லை தருபவரையும், பிழைக்க வழியோ தங்க இடமோ இன்றிப் பொது இடத்தில் சும்மா திரிபவரையும் அது ஒரே சொல்லில் அடக்குகிறது. நல அதிகாரி அவரைப் பிடித்து மாஜிஸ்திரேட் முன் நிறுத்தலாம். விசாரணைக்குப் பின் மூன்றாண்டு வரை இல்லத்தில் வைக்க உத்தரவிடலாம். மெர்சிங், ஜெராந்துட் முதலிய இடங்களில் அதற்கான இல்லங்கள் உள்ளன. எதிர்த்தாலோ தப்பினாலோ மூன்று மாதம் வரை சிறை. வீடில்லாமையைக் குற்றத்துக்கு அருகில் வைத்துப் பார்க்கும் சட்டம் இது.

2014-இல் கோலாலம்பூர் நகர மையத்தில் வீடற்றோருக்கு இலவச உணவு தருவதைத் தடுக்கும் முயற்சி எழுந்து, பொதுமக்களின் கண்டனத்தைப் பெற்றது. இதற்கு மாறான போக்கும் உண்டு. 2011-இல் தலைநகரில் திறக்கப்பட்ட ‘அஞ்சோங் சிங்கா’ இல்லம், குறுகிய காலத் தங்கலோடு வேலை தேடவும் உதவியது. கோலாலம்பூர் மாநகர் மன்றமும் பின்னர் ஜாலான் பங்கோரில் இடைத்தங்கல் மையம் அமைத்தது. இவையெல்லாம் பெருநகரங்களுக்கானவை. மலாக்காவில் செங் என்னுமிடத்தில் ஸ்ரீ கெனாங்கான் முதியோர் இல்லம் உள்ளது. அது வாரிசும் வீடும் இல்லாத, 60 வயதைக் கடந்தவர்களுக்கானது. பிள்ளைகள் இருந்ததால் தாத்தாவுக்கு அங்கே இடமில்லை.

மூன்றாம் கூரை மலிவு விலை வீடு. 1982 முதல் வீடமைப்புத் திட்டங்களில் 30 விழுக்காடு மலிவு விலை வீடுகளாக இருக்கவேண்டும் என்ற கொள்கை வந்தது. விலை 25,000 வெள்ளி. 1998-இல் இது நிலத்தின் மதிப்புக்கேற்ப 25,000 முதல் 42,000 வெள்ளி வரை நான்கு படிகளாக மாற்றப்பட்டது. மக்கள் வீடமைப்புத் திட்ட வாடகை வீடுகளோ மாதம் 124 ரிங்கிட். மலாக்காவில் மாநில வீடமைப்பு வாரியம் மூலமாக விண்ணப்பம் செய்யவேண்டும். கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால், நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் என்பதே 2013-இல்தான் வந்தது. அப்போது தீபகற்பத்தில் 900 ரிங்கிட். நாள் சம்பளத்தில் வாழ்ந்து 60 வயதில் வெளியேறுபவருக்கு எந்த வங்கி முப்பதாண்டுக் கடன் தரும்? வீட்டுக் கடன் என்பது இளமையில் தொடங்கவேண்டியது. தோட்டத்து வீடு இலவசம் என்பதால் இளமையில் அந்த எண்ணமே வருவதில்லை. இலவசமாகத் தோன்றிய வீட்டுக்கு முதுமையில் விலை கொடுக்கிறோம்.

ஊராட்சி மன்றத்தின் கையில் உள்ள சாவி

நகராண்மைக் கழகத்துக்கு வீடு கட்டிக் கொடுக்கப் பணம் இல்லாமல் இருக்கலாம். அதன் கையில் ஒரு சாவி உண்டு. தோட்டத்தை வீடமைப்புப் பகுதியாகவோ தொழிற்பேட்டையாகவோ மாற்றவேண்டுமானால் இரண்டு அனுமதிகள் தேவை. நிலத்தின் பயன்பாட்டு வகையை மாற்ற 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டப்படி மாநில அரசின் அனுமதி ஒன்று. 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி ஊராட்சி மன்றம் தரும் திட்டமிடல் அனுமதி மற்றொன்று. இவ்விரண்டிலும் நிபந்தனை விதிக்கலாம். லயத்தில் இருக்கும் குடும்பங்களுக்கு அங்கேயே வீடு கட்டித் தந்த பிறகுதான் லயத்தை உடைக்கலாம் என்று எழுதிவைத்தால் போதும். முதலில் புது வீடு, பிறகு பழைய வீட்டை உடைப்பது என்ற வரிசைதான் இதில் முக்கியம்.

நாம் எப்போது வாய்திறப்பது? அந்த வட்டாரத்துக்கு உள்ளூர்த் திட்டம் இல்லாதபோது, திட்டமிடல் அனுமதிக்கு ஆட்சேபம் தெரிவிக்கும்படி பக்கத்து நில உரிமையாளர்களுக்கு அறிவிப்பு போகும். லயத்தில் அறுபதாண்டு வாழ்ந்தவர் ‘உரிமையாளர்’ அல்லர். அவருக்கு அந்த அறிவிப்பு வராது. ஆனால், உள்ளூர்த் திட்ட வரைவு மக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது நிலைமை வேறு. நான்கு வாரத்துக்குக் குறையாமல் அது வைக்கப்படவேண்டும். நிலம் உள்ளவர், இல்லாதவர் யாரும் எழுத்துமூலம் ஆட்சேபிக்கலாம். எந்தத் தோட்டம் எதிர்காலத்தில் என்னவாகும் என்பது அந்த வரைபடத்தின் வண்ணத்தில் பல ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்துவிடும். கடிதம் வந்த பிறகு ஓடுவதைவிட, வண்ணம் தீட்டும் நாளில் போய் நிற்பதே பயன் தரும்.

2009 செப்டம்பரில் பினாங்கின் கம்போங் புவா பாலா உடைபட்டதை நாம் மறக்கலாகாது. நிலம் கைமாறிய பிறகு நீதிமன்றம்வரை போராடியும் அந்தக் கிராமத்தைக் காப்பாற்ற முடியவில்லை.

பிற நாட்டுப் பாடம்

இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2010-இல் நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு தங்குமிடம், ஆண்டு முழுவதும் இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கவேண்டும் என்று வலியுறுத்தியது. சென்னை மாநகராட்சி வீடற்றோர் தங்குமிடங்களை நடத்துகிறது. அங்கே முதல் கூரை ஊராட்சியின் கடமை. இலங்கை மலையகத்தில் லயன் அறைகளிலிருந்து வெளியே வந்து, குடும்பத்துக்குச் சிறு நிலத்தில் தனி வீடு என்ற திட்டம் நடக்கிறது. வேகம் போதாது என்ற குறை உண்டு. ஆனால், வேலையோடு கட்டப்பட்ட கூரையை அவிழ்த்து நிலத்தோடு கட்டுவது சரியான திசை.

முடிவுரை

தாத்தாவின் கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. அத்தை வீட்டுக்குப் போகும் முன்பே மலிவு விலை வீட்டுக்கு மனு செய்திருந்தார். நேர்முகத்துக்கு அழைத்த கடிதம் பழைய லயத்து முகவரிக்குப் போயிற்று. தோட்டத்து ஜாகா பல மாதம் கழித்துக் கோயிலில் பார்த்தபோது அதை எடுத்துக் கொடுத்தார். நாள் கடந்துவிட்டது. முகவரி மாறினால் 30 நாளுக்குள் தேசியப் பதிவு இலாகாவில் மாற்றவேண்டும் என்பது எங்களில் யாருக்கும் தெரியவில்லை. ஒரு கடிதம் வீட்டை எடுத்தது; மற்றொரு கடிதம் வீடு வரவில்லை.

பேரவை நண்பர்களே, விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது மூன்று வேலைகளைச் செய்யலாம். ஓய்வை நெருங்கும் தோட்டத்துப் பெரியவர்களின் அடையாள அட்டை முகவரியைச் சரிபாருங்கள். நாற்பது வயதுக்குள் இருப்பவர்களை மலிவு விலை வீட்டுக்கு இப்போதே பதியச் சொல்லி, பாரத்தை நீங்களே நிரப்பிக் கொடுங்கள். மாவட்டத்து உள்ளூர்த் திட்டம் எப்போது பார்வைக்கு வருகிறது என்று நகராண்மைக் கழகத்தில் கேட்டு, லயத்து மக்களை அழைத்துப் போங்கள்.

தமிழ் படித்தவர்கள் தமிழருக்கு வந்த மலாய்க் கடிதத்தை வாசித்துச் சொல்வதும் தமிழ்ப்பணிதான். அன்று நான் பயந்து பாதி மட்டும் சொன்னேன். இப்போது முழுவதையும் சொல்லியிருக்கிறேன்.