ராகம் கட்டியைக் கரைக்குமா?

மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்த வாரத்திலேயே அந்தப் பெண்ணின் வாட்ஸ்அப்பில் ஆலோசனைகள் குவிந்துவிடும். கருஞ்சீரகம், முள்சீத்தா இலை, இவற்றோடு இப்போது ஒரு ராகப் பட்டியலும் வருகிறது. ஆனந்தபைரவி ரத்த அழுத்தத்துக்கு, நீலாம்பரி தூக்கத்துக்கு, வேறொன்று புற்றுக்கு. அனுப்புகிறவர்கள் அன்பால்தான் அனுப்புகிறார்கள். ஆனால் இசையால் நிஜமாகவே செய்ய முடிந்த ஒரு காரியம் இருக்கிறது. இந்தப் பொய்ப் பெருமைகளுக்கு நடுவே அது யார் கண்ணிலும் படாமல் போவதுதான் என் ஆதங்கம்.

நம்பிக்கை: குறிப்பிட்ட ராகமோ, 432 ஹெர்ட்ஸ் ஒலியோ புற்றுச் செல்லை அழிக்கும்.

அழிக்காது. இதற்கு ஆதாரமாகப் பிரேசிலில் நடந்த ஓர் ஆய்வைக் காட்டுவார்கள். ஆய்வு உண்மைதான். ரியோ டி ஜெனிரோவில் எம்.சி.எஃப்-7 என்ற மார்பகப் புற்றுச் செல்களுக்குப் பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியை ஒலிக்கவிட்டார்கள்; ஒரு பகுதி செல்கள் இறந்தன. ஆனால் அவை 1970இல் அமெரிக்காவில் ஒரு நோயாளியிடமிருந்து எடுத்து, அன்றுமுதல் ஆய்வகங்களில் வளர்த்துவரும் செல்கள். தட்டில் இருக்கும் செல், கொஞ்சம் வினிகர் ஊற்றினாலும் செத்துப்போகும். தோலுக்கும் கொழுப்புக்கும் அடியில், ரத்த ஓட்டத்தோடு வளரும் கட்டியின் கதை வேறு. ஒலியால் திசுவைச் சுட்டு அழிக்கும் சிகிச்சையும் உண்டு. அது விநாடிக்குச் சுமார் பத்து லட்சமும் அதற்கு மேலும் அதிர்வுகள் கொண்ட, காதுக்கே எட்டாத ஒலியை ஒரு புள்ளியில் குவிப்பது. செல்போனில் கேட்கும் எந்தப் பாட்டுக்கும் அதோடு சம்பந்தமில்லை.

பாட்டைக் கேட்பதால் மட்டும் நோய் கூடிவிடாது. ஆனால் அதை நம்பி ஆபரேஷனை மூன்று மாதம் தள்ளிப்போட்டால், அதற்குள் நோய் அக்குள் நெறிக்கட்டிக்குப் போய்விடலாம்.

நம்பிக்கை: அப்படியானால் இசை வெறும் பொழுதுபோக்கு.

இதுவும் தவறு. 2015இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வை எனக்கு மிகவும் பிடிக்கும். மார்பகக் கட்டிக்காக ஆபரேஷனுக்கு வந்த 207 பெண்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு, அவரவர் கேட்ட பாட்டை இசைச் சிகிச்சையாளர் படுக்கையருகே வந்து பாடினார். இன்னொரு குழு தமக்குப் பிடித்த பாட்டைப் பதிவாகக் கேட்டது. மூன்றாவது குழுவுக்குப் பாட்டு இல்லை. ஆபரேஷனுக்கு முன் ஒரே ஒரு பாட்டு, சுமார் ஐந்து நிமிடம். கேட்ட இரு குழுவினருக்கும் பதற்றம் 40 சதவீதத்துக்கு மேல் இறங்கியது. கேட்காதவர்களிடம் அந்த இறக்கம் இல்லை. நேரில் பாடியதற்கும் பதிவுக்கும் இந்த விஷயத்தில் பெரிய வித்தியாசமும் தெரியவில்லை. அதே சமயம், கொடுக்க வேண்டியிருந்த மயக்க மருந்தின் அளவு மூன்று குழுவிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பயத்தைக் குறைத்த பாட்டு, மருந்தைக் குறைக்கவில்லை. நல்ல ஆய்வு இப்படித்தான் இரண்டையும் சேர்த்துச் சொல்லும். அதை நடத்தியவர்களில் ஒருவரான டெஃபோரியா லேன், தாமே மார்பகப் புற்றுநோயைக் கடந்து வந்த இசைச் சிகிச்சையாளர்.

2021இல் வந்த காக்ரேன் மறுஆய்வு, புற்றுநோயாளிகளுக்கு இசை தருவது பற்றிய 81 ஆய்வுகளை, 5,576 நோயாளிகளை ஒன்றாகப் பார்த்தது. பதற்றம், மனச்சோர்வு, வலி, அசதி ஆகியவற்றில் பலன் தெரிந்தது. ஆனால் சான்றின் தரம் குறைவு என்றும் அதே மறுஆய்வு சொல்கிறது. மாத்திரை ஆய்வில் போலி மாத்திரை கொடுக்கலாம். பாட்டுக் கேட்பவருக்குத் தான் பாட்டுக் கேட்பது தெரியாமல் இருக்குமா? ஆகவே எண்களைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படித் தள்ளிய பிறகும், பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் இசைச் சிகிச்சையை ஒரு துணையாகப் பரிந்துரைக்கலாம் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2018இல் ஏற்றுக்கொண்ட மார்பகப் புற்றுநோய் வழிகாட்டுதல் சொல்கிறது.

நம்பிக்கை: மெல்லிசையோ பக்திப் பாட்டோ எல்லோருக்கும் நல்லது.

யாருக்கு எது என்பதை நோயாளிதான் சொல்ல வேண்டும். ஒருவருக்குக் கந்த சஷ்டி கவசம், இன்னொருவருக்குக் குத்துப் பாட்டு. அம்மாவின் சாவு வீட்டில் ஒலித்த பாட்டை நோயாளியின் காதில் மாட்டிவிட்டு 'அமைதியாகக் கேளு' என்றால் அழுகைதான் வரும். பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் அந்த அழுகையோடு உட்கார்ந்து பேசுவார். ஹெட்ஃபோனுக்கு அது தெரியாது. இன்னொன்றும் கவனியுங்கள். கீமோ வார்டின் வாடை பட்டாலே சிலருக்குக் குமட்டும். உடம்பு அப்படி இணைத்து நினைவு வைத்துக்கொள்கிறது. பாட்டும் அதில் சிக்கலாம். உயிராக நேசிக்கும் பாட்டை வீட்டுக்கு வைத்துக்கொண்டு, டிரிப் ஏறும்போது வேறு ஏதாவது கேட்கலாம். நர்ஸ் கூப்பிட்டால் கேட்கிற அளவுக்குச் சத்தம் இருக்கட்டும்.

நம்பிக்கை: அசதி மனசில்தான்; பாட்டுக் கேட்டு உற்சாகமானால் போய்விடும்.

இதைச் சொல்லிச் சொல்லியே வீட்டார் அந்தப் பெண்ணைக் குற்றவாளி ஆக்கிவிடுகிறார்கள். கீமோ முடிந்த மூன்றாம் நாள் நான்கு பாத்திரம் துலக்க நின்றால் கால் வெலவெலக்கும். எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் தூங்காதது போலவே இருக்கும். கரண்ட் (கதிர்வீச்சுச் சிகிச்சை) வைக்கும்போது அசதி வாரம் செல்லச் செல்லக் கூடி, முடிந்த பிறகும் சில வாரம் நீடிக்கும். இது சோம்பல் இல்லை. ரத்தசோகை, தைராய்டு, வலி, கெட்ட தூக்கம், மனச்சோர்வு என்று மருத்துவம் பார்க்கக்கூடிய காரணங்கள் பின்னால் இருக்கலாம். ரத்தப் பரிசோதனை முதலில், பாட்டு அப்புறம்.

'நல்லா படுத்து ரெஸ்ட் எடு' என்பதும் முழுச் சரியில்லை. அசதிக்கு வலுவான சான்று உள்ளது உடற்பயிற்சிக்குத்தான். மருத்துவர் சரி என்றால் தெருமுனை வரை நடை, முடிந்த நாளில் இன்னும் கொஞ்சம். இங்கே பாட்டு உதவும்: தாளத்துக்குக் கால் தானாக நடக்கும், இரண்டு பாட்டு முடியும் வரை என்று அளவும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அசதியோடு மூச்சிரைப்பும் கால் வீக்கமும் வந்தால், டாக்சோரூபிசின், டிராஸ்டுசுமாப் போன்ற மருந்துகள் இதயத்தைத் தொட்டிருக்கலாம் என்பதால் எக்கோ பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கீமோ நடக்கும் நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், ராத்திரியானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும்.